சொட்டுநீர் போட்டா மீஞ்சூர் உப்புத்தண்ணி நிக்குமா?

மூலக்கடை மணி:
சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடியில கடல்நீர் ஏறுறது 1960-கள் கடைசியிலயே தெரிஞ்ச சங்கதி. நிலத்தடித் தண்ணியை ஊருக்கும் எடுத்தாச்சு, ஆலைக்கும் எடுத்தாச்சு, வயலுக்கும் எடுத்தாச்சு. இனி துல்லியப் பண்ணையம்தான் வழி: தண்ணியும் உரமும் பயிருக்கு வேண்டிய அளவு, வேண்டிய நேரத்துல மட்டும் கொடுக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில 2004-05ல ஆரம்பிச்சு வேளாண் பல்கலைக்கழகம் 400 ஹெக்டேர்ல செஞ்சு காட்டலையா? சொட்டுநீரோடயே உரம், குழித்தட்டு நாத்து. விளைச்சல் ஏறுச்சு, சங்கமா சேர்ந்து வித்ததுல விலையும் கிடைச்சுது.

செங்குன்றம் மண்டி:
அங்க போட்டது தக்காளி, கத்தரி மாதிரி காய்கறி. முதல் வருஷம் 100 சதவீதம் மானியம், அப்புறம் 90, அப்புறம் 80. அரசாங்கம் தோள் கொடுத்தா எதுவும் நடக்கும் அண்ணே. இங்க நெல்லு. நெல்லு விக்கிற விலையில பைப்பும், மண் ஈரம் பாக்குற சென்சாரும் வாங்கிக் கட்டுப்படியாகுமா?

மூலக்கடை மணி:
சொட்டுநீருக்கு சிறு, குறு விவசாயிக்கு 100, மத்தவங்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கே. முதல்ல பெரும்பங்கு அவங்க போடுறது இல்லையே.

பொன்னேரி மருமகன்:
முதல் வேற, பராமரிப்பு வேற. எங்க மாமனார் கத்தரிக்கு சொட்டுநீர் போட்டார். கிணத்துத் தண்ணி உவர். சொட்டுவாய் ஒவ்வொண்ணுலயும் வெள்ளையா பொறுக்குக் கட்டிடுது, ஆசிட் விட்டுக் கழுவணும். எலி வேற பைப்பைக் கடிச்சு வைக்குது. அதைவிட முக்கியம்: தண்ணி நனையிற வட்டத்தோட ஓரத்துல உப்பு சேருது. திடீர்னு ஒரு தூறல் போட்டா அது கரைஞ்சு வேருக்கே வந்துடும். அதனால தூறல் நேரத்துல மோட்டாரை நிறுத்தாம ஓட்டுறார். பாக்குறவங்க சிரிக்கிறாங்க.

வியாசை வேலு:
மிச்சமாகுற தண்ணி எங்க போகுதுன்னு யாராவது கேட்டீங்களா? பம்ப்செட்டுக்கு கரண்ட் இலவசம். மிச்சப்பட்ட தண்ணியில பக்கத்து அரை ஏக்கரும் பயிராகும், இல்லாட்டி டேங்கர் லாரி வந்து நிக்கும். விவசாயிக்கு லாபம், நான் மறுக்கல. பூமிக்கு என்ன மிச்சம்? யூரியாவும் அப்படித்தான். 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசு. அதை மிச்சம் பிடிக்க எவன் சென்சார் வாங்குவான்?

மூலக்கடை மணி:
அப்போ கை நிறைய வீசட்டும்ங்கிறீங்களா தம்பி? யூரியா போட்டு வயல்ல கூடிப்போன தழைச்சத்துல (நைட்ரஜன்) ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடா மேல போகுது. கரியமில வாயுவைவிட சுமார் 273 மடங்கு சூடேத்துற சரக்கு. துல்லியம்னா டிரோன் மட்டும்னு யார் சொன்னது? நெல்லுக்கு இலை வண்ண அட்டை இருக்கு. நட்ட 14-ஆம் நாள்ல இருந்து வாராவாரம் இலையோட பச்சையை அட்டையில வச்சு ஒப்பிட்டுப் பாத்து யூரியா போடலாம். ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயல்ல புதைச்சு, தண்ணி மண் மட்டத்துக்கு 15 செ.மீ கீழ இறங்கினதும் பாய்ச்சலாம். தண்ணி தேங்கின வயல்ல கிளம்புற மீத்தேன் வாயுவும் குறையும்.

செங்குன்றம் மண்டி:
காய்ச்சலும் பாய்ச்சலும். அது சரி, ஒத்துக்கிறேன். ஆனா நினைச்ச நேரம் மோட்டார் போடுறவனுக்குத்தான் அது ஆகும். ஏரிப் பாசனத்துல முறை வரும்போது பாய்ச்சலைன்னா அடுத்த முறை எப்போ?

வியாசை வேலு:
எல்லாம் சரிதான் மணி அண்ணே, மோட்டாருக்கு மீட்டர் போடாம கணக்கு எப்படி வரும்?

பொன்னேரி மருமகன்:
அந்தப் பேச்சை மாமனார் முன்னாடி எடுத்துடாதீங்க. கரண்ட் கட்டணத்துக்காக 1972-ல கோயமுத்தூர்ல மாட்டுவண்டியா நிறுத்தி ஊரையே முடக்கினவங்க நம்ம விவசாயிங்க.