வலது காலா, இடது காலா?

குழு: பட்டீஸ்வரம் வீடு

ஞாயிறு

சுந்தரம் (காலை 6.48): குழுவில் உள்ள எல்லோர் கவனத்துக்கும். உங்கள் மீனாட்சி விடியற்காலையில் என்னை எழுப்பாமல் வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டிருக்கிறாள். ஆப்பரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது. யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

மீனாட்சி (காலை 6.55): அந்த டீயை அவரும்தான் குடித்தார். சர்க்கரை போதவில்லை என்றும் சொன்னார்.

வசந்தி (காலை 7.10): அக்கா 😂 ஆனாலும் அத்தான் சொல்வதில் தப்பில்லை. இடுப்பு எலும்பே உடைந்து மூட்டை மாற்றியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அம்மாவை மூன்று மாதம் கட்டிலை விட்டே இறக்கவில்லை.

தேன்மொழி (காலை 7.31): வசந்தி அத்தை, அப்படிப் படுக்க வைப்பதால் வருகிற தொல்லைதான் பெரிசு. காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், தொடைச் சதை கரைந்துபோகும். அதனால்தான் மறுநாளே மீனா அத்தையை எழுப்பி நிற்க வைத்தார்கள்.

தேன்மொழி (காலை 7.33): மாமா, ஒன்று செய்யுங்கள். வீட்டில் அத்தைக்கு இப்போது என்னென்ன தடை இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் இருப்பது எது, நீங்களாகச் சேர்த்தது எது என்று பிரித்துவிடலாம்.

சுந்தரம் (காலை 7.50): குனியக் கூடாது. தரையில் உட்காரக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. சோபாவில் உட்காரக் கூடாது. தனியாகக் குளிக்கக் கூடாது. அடுப்படிக்குப் போகக் கூடாது. வாசலுக்குப் போகக் கூடாது. மாடிப்படி ஏறக் கூடாது. பூனைக்குச் சோறு வைக்கக் கூடாது.

மீனாட்சி (காலை 7.51): பூனையை மறந்துவிடுவாரோ என்று பார்த்தேன்.

தேன்மொழி (காலை 8.04): முதல் நாலும் டாக்டருடையவை. காரணம் சொல்கிறேன், அப்புறம் யாரும் சண்டை போட வேண்டாம். அத்தைக்குப் பின்பக்கமாகத் திறந்து மூட்டை மாற்றியிருக்கிறார்கள். அங்கே வெட்டித் தைத்த சதையும் சவ்வும் இறுகும்வரை, தொடை எலும்பின் மேல்முனையில் உள்ள பந்து, அது பொருந்தியிருக்கும் இடுப்புக் கிண்ணத்தை விட்டு நழுவ வாய்ப்பு உண்டு. தொடை 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, கால் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போகக் கூடாது, பாதம் உள்பக்கமாகத் திரும்பக் கூடாது. சோபாவில் புதைந்து உட்கார்ந்தபடி கீழே விழுந்த ரிமோட்டை எட்டி எடுத்தால் மூன்றும் ஒரே நேரத்தில் நடந்துவிடும். கையுள்ள உயரமான நாற்காலி போதும். தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை.

தேன்மொழி (காலை 8.07): குளிப்பதற்கு நாற்காலியும் சுவரில் கைப்பிடியும் இருந்தால் தனியாகவே குளிக்கலாம். கதவைத் தாழ் போட வேண்டாம், அவ்வளவுதான். படி ஏறலாம், முறை இருக்கிறது, சொல்லித் தருகிறேன். அடுப்படி, வாசல், பூனை மூன்றும் மாமா போட்ட சட்டம்.

கவிதா (காலை 8.20): அப்பா, வாசலில் கிடக்கிற மிதியடியை எடுத்தீர்களா? ஹாலில் ஓடும் அந்த எக்ஸ்டென்ஷன் வயர்? அம்மா டீ போடுவதை விட அதுதான் பயமாக இருக்கிறது.

சுந்தரம் (காலை 8.41): இப்போதுதான் எடுத்தேன்.

கவிதா (காலை 8.42): கமோடு மேல் வைக்கிற சீட் அனுப்பினேனே, உயரம் சரியாக இருக்கிறதா அம்மா?

மீனாட்சி (காலை 8.50): நன்றாக இருக்கிறது. என்னைப் பார்க்க வருகிறவர்களை எல்லாம் உன் அப்பா கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டி விளக்கம் சொல்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிரபு (காலை 10.15): அத்தை, டென்னிஸ் ஆண்டி மர்ரி 2019 ஜனவரியில் இடுப்பில் உலோகம் வைத்துக்கொண்டார். அதே வருஷம் அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டம் வென்றார், இறுதியில் வாவ்ரிங்காவைத் தோற்கடித்து!

தேன்மொழி (காலை 10.22): தம்பி, அவருக்குச் செய்தது முழு மாற்று இல்லை. தொடை எலும்பின் தலையை வெட்டி எடுக்காமல் மேலே உலோகத் தொப்பி போடுகிற முறை. வயதும் முப்பத்தொன்று. அத்தைக்கு உடைந்ததே எலும்பின் கழுத்துதான், அங்கே தொப்பி போட ஒன்றும் இல்லை. தேவையில்லாமல் ஆசை காட்டாதே.

மீனாட்சி (காலை 10.30): எனக்குப் பட்டம் வேண்டாம் பிரபு. பெரிய தெரு வரை போய் நானே பார்த்து வெண்டைக்காய் வாங்க வேண்டும். இவர் வாங்கி வருவது எல்லாம் முற்றல்.

சுந்தரம் (காலை 10.48): பிரபு, நீ இன்ஜினியர்தானே, கேட்கிறேன். உள்ளே என்னதான் வைத்திருக்கிறார்கள்? எத்தனை வருஷம் வரும்?

பிரபு (காலை 11.05): எலும்புக்குள் செருகும் தண்டு பெரும்பாலும் டைட்டானியக் கலவை மாமா. பந்து செராமிக் அல்லது கோபால்ட்-குரோமியம். கிண்ணத்துக்கு உள்ளுறையாகப் பாலிஎத்திலீன். இந்தப் பாணியை நிலைநாட்டியவர் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, ரைட்டிங்டன் மருத்துவமனையில், 1962 நவம்பரில். அதற்கு முன்னால் அவரே டெஃப்லானில் கிண்ணம் செய்து வைத்துப் பார்த்தார். அது மளமளவென்று தேய்ந்து, பலருக்கு மறுபடி திறக்க வேண்டி வந்தது.

சுந்தரம் (காலை 11.09): பாலிஎத்திலீன் என்றால் குடம், வாளி செய்கிற பிளாஸ்டிக்கா!

பிரபு (காலை 11.12): வம்சம் ஒன்றுதான், தரம் வேறு. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. நூறு இடுப்பு மாற்று மூட்டில் கிட்டத்தட்ட 58, 25 வருஷம் தாண்டியும் உழைக்கிறதாம். அதுவும் பழைய காலத்து மூட்டுகள்.

மீனாட்சி (காலை 11.20): அது போதும். வாளி எனக்கு முன்னால் உடையாது.

வியாழன்

சுந்தரம் (மாலை 5.30): டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறச் சொல்லிவிட்டார். வலது பக்கம் பிடித்து நடக்கப் பழக்குகிறேன்.

தேன்மொழி (மாலை 5.34): மாமா, நிறுத்துங்கள்! தடி இடது கையில்.

சுந்தரம் (மாலை 5.35): ஆப்பரேஷன் வலது பக்கம்மா.

தேன்மொழி (மாலை 5.41): அதனால்தான் இடது கை. வலது காலில் நிற்கிற ஒவ்வொரு தடவையும், இடது பக்கம் இடுப்பு தொங்கிவிடாமல் வலது இடுப்பின் பக்கச் சதை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தச் சதை இப்போது பலவீனம். இடது கையில் தடி ஊன்றினால் அந்தப் பாரத்தில் ஒரு பங்கைத் தடி வாங்கிக்கொள்ளும். வலது கையில் பிடித்தால் தடி மேலேயே சாய்ந்து நடப்பார்கள், அந்தக் கோணல் நடை பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

மீனாட்சி (மாலை 5.50): இதுவும் நல்லதுதான். கோயிலில் திருநீறு வாங்க வலது கை சும்மா இருக்கும்.

வசந்தி (இரவு 7.15): அக்கா, அம்மா குரல் பதிவு அனுப்பச் சொன்னாள். அவளுக்குக் காது கேட்காததால் கத்துகிறாள், போனைத் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

வசந்தி (இரவு 7.16): [குரல் பதிவு] "ஏண்டி மீனாட்சி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவள் இடது காலை வைத்தா வீட்டுக்குள் ஏறினாய்? மாப்பிள்ளை சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வலது காலை எடுத்து வைத்துத்தானே ஏறுகிறாய்? யார் சொல்லிக் கொடுத்தது இதை?"

தேன்மொழி (இரவு 7.25): நான்தான் ஆச்சி 🙏 ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆப்பரேஷன் செய்த கால் முதலில். உடம்பை மேலே தூக்குவதும், கீழே மெதுவாக இறக்குவதும் பலமுள்ள காலின் வேலை. வலது காலை முதலில் வைத்து ஏறினால் முழுப் பாரத்தையும் புது மூட்டுப் பக்கம் தூக்க வேண்டும். அந்த வீட்டு வாசற்படி வேறு முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது.

வசந்தி (இரவு 7.48): அம்மா யோசித்துச் சொல்லிவிட்டாள். படியில் எந்தக் காலை வேண்டுமானாலும் வைக்கட்டுமாம். நிலையைத் தாண்டிக் கூடத்தில் வைக்கிற முதல் அடி வலதாக இருந்தால் கணக்கில் சேருமாம்.

தேன்மொழி (இரவு 7.49): ஆச்சி தீர்ப்பு ஏற்கப்பட்டது.

செந்தில் (இரவு 9.30): இப்போதுதான் பார்த்தேன். அம்மா, சாயங்காலம் கால் வீங்குகிறது என்று கவிதா சொன்னாளே?

தேன்மொழி (இரவு 9.41): சாயங்காலம் வீங்கி, இரவு காலை உயர்த்தி வைத்தால் வடிகிற வீக்கம் சில மாதம் இருக்கும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் இறுகி, சூடாக, தொட்டால் வலித்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் 108. தையல் இடத்தில் நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் கடையில் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை டாக்டர் சொன்ன நாள் வரை விடாமல் போட வேண்டும் அத்தை.

சனி

சுந்தரம் (காலை 9.05): மீனாட்சிக்கு வலது கால் நீளமாகிவிட்டது. நடக்கும்போது தெரிகிறதாம். இடது செருப்புக்கு அடியில் ஒரு அட்டை வைத்துத் தைக்கச் சொல்லிக் கடையில் நிற்கிறேன். எத்தனை மில்லிமீட்டர் சொல்லட்டும்?

தேன்மொழி (காலை 9.07): செருப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள் மாமா.

தேன்மொழி (காலை 9.15): ஆரம்பத்தில் நிறையப் பேருக்கு அப்படித்தான் தோன்றும். வலியும் இறுக்கமும் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருக்கும். சதை தளர்ந்து பலம் வந்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். மூன்று மாதம் போகட்டும், அப்புறமும் இருந்தால் டாக்டரே அளந்து சொல்வார். இப்போதே அட்டை வைத்தால் அந்தச் சாய்வு நிரந்தரமாகிவிடும். செருப்பில் கை வைப்பதென்றால் பின்வார் வைத்ததாக மாற்றுங்கள், அது உருப்படியான வேலை.

கவிதா (காலை 9.30): பிசியோதெரபிஸ்ட் கிடைத்தாரா?

சுந்தரம் (காலை 10.10): ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வருகிறாள். காசு கிடையாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லித் தருகிறாள். அவள் முன்னால் மீனாட்சி வாயைத் திறப்பதில்லை, சொன்னதெல்லாம் செய்கிறாள்.

மீனாட்சி (காலை 10.40): எல்லோரும் சிரிக்கிறோம், சரி. ஒன்று சொல்ல வேண்டும். பயம் எனக்கும் இருக்கிறது. கிணற்றடிப் பக்கம் பார்த்தாலே அன்றைக்குப் பாசியில் கால் இழுத்துக்கொண்டு போனது ஞாபகம் வருகிறது. அவர் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி வைத்திருக்கிறார், தெரியும். ஆனாலும் கால் கூசுகிறது. நடக்கும்போது பின்னாலிருந்து "பார்த்து, பார்த்து" என்று ஒரு குரல் வந்துகொண்டே இருந்தால் அந்தக் கூச்சம் இரண்டு மடங்காகிறது. திரும்பி "சரி" என்று சொல்லப் போய்த்தான் நேற்றுத் தடுமாறினேன்.

சுந்தரம் (காலை 10.58): எனக்கு அது தெரியாது மீனா.

தேன்மொழி (காலை 11.20): விழுந்தவர்களுக்கு இந்தப் பயம் வருவது சகஜம் அத்தை. பயந்தால் அடி சின்னதாகும், உடம்பு விறைக்கும், அதனாலேயே மறுபடி விழுவார்கள். மாமா கூடவே நடக்கட்டும். ஆப்பரேஷன் பக்கமாக, அரை அடி பின்னால். கையைப் பிடிக்காமல், தேவைப்பட்டால் பிடிக்கிற தூரத்தில். பேசாமல்.

பிரபு (காலை 11.22): கடைசிப் பயிற்சிதான் மாமாவுக்குக் கஷ்டம்.

தேன்மொழி (காலை 11.30): இன்னொன்று. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்தது என்றால் எலும்பு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எலும்பு அடர்த்திச் சோதனை, வைட்டமின் டி இரண்டையும் டாக்டரிடம் கேளுங்கள். இடது பக்கத்தையும் காப்பாற்ற வேண்டும். வசந்தி அத்தை, உங்களுக்கும்தான்.

சில வாரம் கழித்து, வெள்ளி

சுந்தரம் (மாலை 6.20): கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். நான் பேசவில்லை.

மீனாட்சி (மாலை 6.24): கோபுர வாசல் வரைதான் பேசவில்லை. உள்ளே ஈரக் கல் தரையில் என்னை விட அவர்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வரும் வழியில் வெண்டைக்காய் வாங்கினேன், நுனியை ஒடித்துப் பார்த்து.

வசந்தி (மாலை 6.30): தரையில் விழுந்து கும்பிடவில்லையே அக்கா?

மீனாட்சி (மாலை 6.33): நின்றபடியேதான். மூன்றாம் மாதப் பரிசோதனையில் டாக்டர் சொல்லிவிட்டார். தடி கூட்டத்துக்குப் போனால் மட்டும் போதும். ஆனால் சம்மணமும் குத்தவைப்பதும் இனி வேண்டாம், பந்தியில் எனக்கு மேசை. மகாமகம் 2028இல் வருகிறது, அதற்குள் கூட்டத்தில் நடக்கப் பழகிக்கொள்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு, குளத்துப் படியில் மட்டும் கவனம் என்றார்.

செந்தில் (இரவு 8.10): அப்படியானால் சிங்கப்பூருக்கு டிக்கெட் போடவா? திருச்சியிலிருந்து நேராக, நாலு மணி நேரம்தான்.

தேன்மொழி (இரவு 8.25): போகலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் குடித்து, இடையில் எழுந்து நடந்து, உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும்.

சுந்தரம் (இரவு 8.31): ஏர்போர்ட்டில் உலோகம் சத்தம் போடுமா?

தேன்மொழி (இரவு 8.34): போடலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் தனியாகச் சோதித்து விட்டுவிடுவார்கள். டிஸ்சார்ஜ் தாள் ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

மீனாட்சி (இரவு 8.40): செந்தில், எனக்கு நடைபாதை ஓரத்து சீட். அப்பாவுக்கு ஜன்னல் போட்டுவிடு, வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வரட்டும்.