சிலிண்டர் தீர்ந்ததா, கசிந்ததா? கெக்கில் சோடா போடுபவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து:
காரைக்குடி, பள்ளத்தூர் பக்கம் கல்யாண வீடுகளுக்கு இஞ்சி சோடா, நன்னாரி சோடா போட்டுக் கொடுக்கிறேன். வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் வைத்திருக்கும் அதே 19 லிட்டர் ஸ்டீல் கெக்தான் (அழுத்தம் தாங்கும் மூடிய பீப்பாய்), உள்ளே மட்டும் சோடா. போன வைகாசியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். காலையில் மாட்டிய 5 கிலோ சோடா கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர் மதியப் பந்திக்கு முன்னாலேயே காலி. கூட வந்த பையன் "கேஸ் குறைச்சுப் புடிச்சுட்டாங்கண்ணே" என்று கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்துவிட்டான். ஆனால் கணக்கு இடித்தது. நன்றாகக் குளிர்ந்த தண்ணீரில் கேஸை ஏற்றி, அதைக் குழாய் வழியாகத் தள்ளியும் முடிக்க ஒரு கெக்குக்குக் கால் கிலோ சுமார்தான் போகும். நாங்கள் திறந்ததோ ஒரு கை விரலுக்குள்.

சோப்பு நுரையைத் தடவினோம். கெக் மூடியில் ஒன்றுமில்லை, டியூப் கிளிப்பில் ஒன்றுமில்லை, சிலிண்டர் வால்வும் ரெகுலேட்டர் நட்டும் சேரும் இடத்தில் பொங்கிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த ஃபைபர் வாஷர் நசுங்கி ஓரம் பிய்ந்திருந்தது. டெஃப்லான் டேப் சுற்றுங்கள் என்று அங்கேயே நாலு பேர் யோசனை சொன்னார்கள். பிரயோஜனமில்லை, அந்த இடத்தில் கேஸை அடைப்பது மரை இல்லை, வாஷர்தான்.

அப்புறம், ரெகுலேட்டரில் சிலிண்டர் அழுத்தம் காட்டும் பெரிய மீட்டர் முள்ளை வைத்துக் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று யாரும் சொல்லாதீர்கள். உள்ளே கேஸ் திரவமாக இருக்கும்வரை சிலிண்டர் முழுதாக இருந்தாலும் கொஞ்சூண்டு இருந்தாலும் முள் ஒரே இடம்தான், 20 டிகிரியில் சுமார் 57 பார். திரவம் தீர்ந்த பிறகு விறுவிறுவென்று இறங்கும். நம்ம ஊர்க் கோடையில் இந்தக் கணக்கும் நிற்காது, 31 டிகிரி தாண்டினால் திரவம் தனி, ஆவி தனி என்று இல்லாமல் போய், சூடு ஏற ஏற அழுத்தமும் எகிறும். நிரம்பிய சிலிண்டரை வளவு வெயிலில் நிறுத்தினால் வால்வில் இருக்கும் பாதுகாப்புத் தகடு கிழிந்து மொத்தமும் பீய்ச்சிவிடும். நிழலில் வையுங்கள், ஈரச் சாக்கு போடுங்கள். அளவு தெரிய வேண்டுமென்றால் தராசுதான். சிலிண்டர் தோள்பட்டையில் காலி எடை அடித்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

மெல்போர்னிலிருந்து, சொந்த ஊர் தேவகோட்டை:
அண்ணே, நான் இங்கே வீட்டில் பீர் காய்ச்சுகிறவன். இங்கே அதற்குத் தடையில்லை, நம்ம ஊரில் சட்டம் வேறு, அங்கே இருப்பவர்கள் சோடாவோடு நின்றுகொள்ளுங்கள். எனக்கு வந்த வம்பு வேறு மாதிரி. ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் 12 பவுண்டு அழுத்தம் (psi) வைத்துவிட்டுப் படுப்பேன், காலையில் பார்த்தால் ரெகுலேட்டர் தானாக 30-க்கு ஏறியிருக்கும், குழாயைத் திறந்தால் வெறும் நுரை. பீர் வரும் லைன் நீளத்தை மாற்றினேன், குழாயைக் கழற்றிக் கழுவினேன், நுரை போகவில்லை. கடைசியில் ரெகுலேட்டர் உள்ளே கேஸை அடைக்கும் இடமான சீட்டில் தூசு. ரிப்பேர் கிட் போட்டதும் முள் வைத்த இடத்தில் நின்றது.

கசிவு பார்ப்பதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. சிலிண்டரை மூடிவிட்டு முள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், ஆனால் கேஸ் இன்னும் ஏறாத கெக் மாட்டியிருந்தால் உள்ளே இருக்கும் பீரே கேஸைக் குடித்துவிடும், முள் இறங்கத்தான் செய்யும். காலி கெக்கை வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சிலிண்டரையும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் பெரிய மீட்டர் 40 பாருக்கும் கீழே காட்டும், அதுவும் கசிவு இல்லை, குளிர்.

கோட்டையூரிலிருந்து:
எங்கள் பெரியப்பா வீட்டு விசேஷத்தில் சிலிண்டரை இரண்டாங்கட்டில் ஜன்னல் இல்லாத சாமான் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். பாத்திரம் எடுக்கப் போன ஆச்சி தலை சுற்றுகிறது, மூச்சு வாங்குகிறது என்று உடனே வெளியே வந்துவிட்டார், நல்ல வேளை. எல்லாரும் வெயில் என்றார்கள், பார்த்தால் டியூப் மூட்டில் கசிவு. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும், வாசனையும் கிடையாது. காற்றில் 10 சதவீதம் சேர்ந்தால் சில நிமிடத்தில் நினைவு தப்பும். திறந்த பத்தியில் (தாழ்வாரத்தில்) வையுங்கள், சாய்க்காமல் நிறுத்திக் கட்டி வையுங்கள், படுக்கப் போட்டால் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும்.

காரைக்குடியிலிருந்து, மறுபடியும்:
தம்பி, சீட் விஷயம் நல்லவேளை சொன்னீர்கள், என் பழைய ரெகுலேட்டரும் அதேதான் செய்கிறது. கோட்டையூர்க்காரர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கேஸ் லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) இல்லாமல் யாரும் ஓட்டாதீர்கள். சிலிண்டர் தீரும்போது சோடா பின்னால் ஏறிப் ரெகுலேட்டர் பித்தளையைத் தொட்டால் சோடாவின் புளிப்புக்குச் செம்பு கரைந்து இறங்கும், குடிப்பவருக்கு வாந்தி வரும். உபரி வாஷர் வாங்குவதானால் நைலானில் எடுங்கள், பழசைக் கையோடு கொண்டுபோய் அளவு காட்டி வாங்குங்கள்.