பிரவுசர் கேம் செய்து பட்ட பாடு: வேலூர் பக்கத்து ஆட்கள் உங்கள் கதையையும் எழுதுங்கள்

வெயிலூரான், சத்துவாச்சாரி:

நானே ஆரம்பிக்கிறேன். போன மே மாதம் ஒரு சின்ன ஆட்டம் செய்தேன். மேலிருந்து முள்ளுக் கத்திரிக்காய் விழும், கூடையை விரலால் நகர்த்திப் பிடிக்க வேண்டும். இன்ஸ்டால் எதுவும் கிடையாது, லிங்க்கைத் தட்டினால் பிரவுசரிலேயே ஓடும். லேப்டாப்பில் ஒரு தடங்கலும் இல்லை.

அந்தத் தெம்பில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் மாஸ்டரிடம் ஆடச் சொன்னேன். 3 ஜிபி ரேம் போன், மூலையில் விரிசல். மதியம் இரண்டு மணி, பக்கத்தில் பாய்லர். முதல் இரண்டு நிமிடம் நன்றாக ஓடியது. அப்புறம் கத்திரிக்காய் விக்கி விக்கி விழ ஆரம்பித்தது. "காய் நடுவானத்துல நின்னுடுச்சுப்பா" என்றார் மாஸ்டர்.

ராத்திரி அதே போனில் அதே ஆட்டம் ஒழுங்காக ஓடியது. அப்போதுதான் உறைத்தது. போன் சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம்ம ஊரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்! நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 தடவை படம் வரைய வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். கேபிள் போட்டு லேப்டாப் குரோமில் அளந்து பார்த்தேன். போன் ஆறியிருக்கும்போது 13, சூட்டில் 25.

குற்றவாளி ஒன்றல்ல. அந்த ஸ்கிரீனின் பிக்சல் ரேஷியோ 3: பக்கத்தின் ஒரு புள்ளிக்கு அகலத்தில் 3, உயரத்தில் 3 பிக்சல். அதை அப்படியே ஆட்டம் வரையப்படும் கேன்வாஸுக்குக் கொடுத்திருந்தேன், அதாவது 9 மடங்கு பிக்சல். 1.5-க்கு மேல் போகாதபடி கட்டினேன். வேலை கால்வாசியானது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அடுத்தது படங்கள். ஃபைல் 200 கேபிதானே என்று நினைத்தேன். ஆனால் 2048-க்கு 2048 பிக்சல் படம் ஃபைலில் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் மெமரியில் விரிந்தால் 16 எம்பி. ஏழு வகைக் காய்க்கு ஏழு படம், மொத்தம் 112 எம்பி! எல்லாவற்றையும் சின்னதாக்கி 1024 அளவு ஒரே ஷீட்டில் அடுக்கினேன். 4 எம்பியில் முடிந்தது.

மூன்றாவதற்கு விடை கடையிலேயே இருந்தது. மாஸ்டர் கண்ணாடி கிளாஸைக் கழுவிக் கழுவி அதிலேயே ஊற்றுவார். பக்கத்துக் கடையில் பேப்பர் கப். கூடை நிரம்பினால் பையன் வேலையை நிறுத்திவிட்டுக் குப்பை கொட்டப் போவான். நான் எழுதிய புரோகிராம் அந்தப் பேப்பர் கப் கடைதான். ஒவ்வொரு காய்க்கும் மெமரியில் புது ஆப்ஜெக்ட், காய் போனதும் அது குப்பை. ஆட்டத்தை எழுதிய மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் குப்பையை வாரும்போதெல்லாம் ஆட்டம் விக்கும். இப்போது 30 காய் முன்கூட்டியே தயார். கீழே விழுந்தது மறுபடி மேலே போகும்.

இனி நீங்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் வாத்தியார்:

பிள்ளைகளுக்காக ஆடு புலி ஆட்டம் செய்தேன். 3 புலி, 15 ஆடு, நகர்த்தாவிட்டால் பலகை சும்மா நிற்கும். ஆனால் நான் நொடிக்கு 60 தடவை அதே பலகையை வரைந்துகொண்டிருந்தேன். டேப்லெட் பேட்டரி ஒரு பீரியடில் பாதி காலி. காய் நகரும்போது மட்டும் வரையச் செய்தேன், அத்தோடு சரி.

பெரிய தலைவலி வேறு. புலியைக் கீழே இழுத்தால் பக்கமே ரீஃப்ரெஷ் ஆகி ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். நான் கண்டுபிடிப்பதற்குள் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். தோற்கப் போகிறவன் மெதுவாகக் கீழே இழுப்பான். "சார், தானா போயிடுச்சு சார்!" பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர், டச்-ஆக்‌ஷன் இரண்டுக்கும் 'none' (வேண்டாம்) போட்டேன். ஒவ்வொரு நகர்த்தலையும் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் சேமித்தேன். மறுநாள் வகுப்பில் இரண்டு பேர் முகம் தொங்கிப் போயிருந்தது.

காட்பாடி ஹாஸ்டல்:

அண்ணா, என்னுடையது பைக் கேம். ரூம்மேட் புது போனில் ஆடிவிட்டு "என்னடா, பிரேக்கே இல்லையா?" என்றான். என் போன் 60 ஹெர்ட்ஸ், அதாவது ஸ்கிரீன் நொடிக்கு 60 தடவை மாறும், அவனுடையது 120. ஃப்ரேமுக்கு 5 பிக்சல் நகர்த்து என்று எழுதியிருந்தேன், அவனுக்கு இரட்டை வேகம். வேகத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் போன நேரத்தால் பெருக்கினேன், சரியானது.

சரியானது என்று நினைத்தேன். அம்மா போன் செய்தார்கள். பேசி முடித்துத் திரும்பினால் பைக் மூன்று லாரியைத் தாண்டி, ரோட்டையும் தாண்டி எங்கேயோ போயிருந்தது. பக்கம் மறைந்திருக்கும்போது அடுத்த ஃப்ரேமை வரையக் கூப்பிடும் ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் நின்றுவிடும். திரும்பி வந்ததும் அந்த நாலு நிமிடத்தையும் ஒரே ஃப்ரேமில் தாவியிருக்கிறது. இப்போது எவ்வளவு நேரமானாலும் 50 மில்லிசெகண்டுக்கு மேல் எண்ணாதே என்று வைத்திருக்கிறேன்.

ஆம்பூரான்:

சத்தமே வரவில்லை என்று ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டு ரிப்பேர் கடை வரை போன ஆள் நான். ஆடுபவர் ஒரு தடவையாவது ஸ்கிரீனைத் தொடும்வரை பிரவுசர் சத்தத்தை விடாது. 'தொடங்கு' பட்டன் வைத்து, அதைத் தட்டியதும் ஆடியோவை எழுப்ப வேண்டும். ஐந்து நிமிட வேலைக்கு 150 ரூபாய் தண்டம். ஒரு பிரியாணி போச்சு.

வெயிலூரான், சத்துவாச்சாரி:

வாத்தியார் சார், கீழே இழுக்கிற வித்தை என் ஆட்டத்திலும் இருந்திருக்கிறது, நீங்கள் சொன்ன பிறகுதான் பார்த்தேன். சரிசெய்துவிட்டேன். தம்பி, அந்த 50-ஐயும் எடுத்துக்கொண்டேன்.

நேற்று மதியம் அதே கடை, அதே போன், அதே பாய்லர். மாஸ்டர் இருபது நிமிடம் ஆடினார், ஒரு காய்கூட விக்கவில்லை. இரண்டு பேர் டீ கேட்டும் தலை நிமிரவில்லை. கல்லாவிலிருந்து முதலாளி என்னைப் பார்த்த பார்வைதான் சரியில்லை. கொஞ்ச நாளைக்கு வேறு கடையில் டெஸ்ட் செய்வதாக இருக்கிறேன்.