துணைவேந்தர் நாற்காலி காலி, என் பட்டத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

முதுகலை_மாணவி எழுதியது:

எம்.எஸ்ஸி. முடித்தாகிவிட்டது, மதிப்பெண் பட்டியல் எல்லாம் கையில் இருக்கிறது, பட்டம் மட்டும் வரவில்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல விரும்பவில்லை, தமிழ்நாட்டில் விசி (துணைவேந்தர்) இல்லாத அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் கேட்டால் “கான்வகேஷன் தேதி வந்தா வெப்சைட்ல போடுவோம்மா” என்றார்கள். அடுத்த முறை போனால் “சர்டிபிகேட்ல யார் கையெழுத்துன்னே இன்னும் முடிவாகல” என்கிறார்கள். வெளிநாட்டில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. புரொவிஷனல் (தற்காலிகச்) சான்றிதழை ஏற்றுக்கொண்டு, ஒரிஜினலைப் பிறகு அனுப்பு என்றார்கள். அந்தப் ‘பிறகு’ எப்போது என்று இப்போது மெயில் மேல் மெயில் வருகிறது.

என் கேள்வி இதுதான். ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆளுநர் வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. போன வாரம், 2025 நவம்பர் 20 அன்று, வேறு ஏதோ சொல்லியிருக்கிறது. ஒரு சேனலில் ஆளுநருக்குக் குட்டு என்கிறார்கள், இன்னொன்றில் மாநில அரசுக்குக் குட்டு என்கிறார்கள். யார் குட்டு வாங்கினால் எனக்கென்ன, நாற்காலி ஏன் இன்னும் காலியாகவே இருக்கிறது? கட்சி பேசாமல் யாராவது விளக்குங்கள், ப்ளீஸ்.

கோர்ட்_வராண்டா எழுதியது:

ஏப்ரல் தீர்ப்பையும் நவம்பர் கருத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், முதலில் இருந்து வருகிறேன், கொஞ்சம் நீளும்.

விசி நியமன அதிகாரத்தை வேந்தரான ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்களைச் சட்டமன்றம் 2022 ஏப்ரலில் நிறைவேற்றியது. அவை ராஜ்பவனில் அப்படியே கிடந்தன, ஒப்புதலும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அரசு உச்ச நீதிமன்றம் போன பிறகுதான் அங்கே அசைவே வந்தது. 2023 நவம்பர் 13 அன்று இவை உட்பட பத்து மசோதாக்களை ஒப்புதல் இல்லை என்று ஆளுநர் ரவி மொத்தமாகத் திருப்பிவிட்டார். 18-ஆம் தேதி சிறப்புக் கூட்டம் கூட்டி சட்டமன்றம் பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. 28-ஆம் தேதி அவர் பத்தையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். அரசியலமைப்பின் 200-வது பிரிவில், மறுபடி நிறைவேறி வந்த மசோதாவுக்கு ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்று இருக்கிறது. அந்தக் கட்டத்தில் டெல்லிக்குத் தள்ளிவிடலாமா என்பதுதான் வழக்கு.

2025 ஏப்ரல் 8 அன்று பர்திவாலா, மகாதேவன் அமர்வு தள்ளிவிட்டது செல்லாது என்றது, முழு நீதி கிடைக்க எந்த உத்தரவும் போடலாம் என்று உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 142-வது பிரிவைப் பயன்படுத்தி பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றது, ஆளுநருக்கு ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடுவும் வைத்தது. அந்த வாரமே அரசிதழில் சட்டங்கள் வந்துவிட்டன. நாங்களெல்லாம் கதை முடிந்தது என்றுதான் பேசிக்கொண்டோம்.

மே மாதம் இரண்டு திருப்பம். ஆளுநருக்கு இப்படிக் கெடு வைக்கலாமா என்பது போல 14 கேள்விகளைக் குடியரசுத் தலைவர் எழுதி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அதே மாதம் 21-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக் கால அமர்வு, நியமன அதிகாரத்தை மாற்றும் பிரிவுகளுக்கு மட்டும் இடைக்காலத் தடை விதித்தது. உங்கள் நாற்காலியைப் பிடித்து வைத்திருப்பது இந்தத் தடைதான். அதை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது.

போன வாரம் வந்தது அந்த 14 கேள்விகளுக்கான பதில். அப்போதைய தலைமை நீதிபதி கவாய் தலைமையில் ஐந்து நீதிபதிகள். ஆளுநருக்கு நீதிமன்றம் கெடு வைக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வது என்ற பேச்சே கிடையாது, ஆனால் காரணமே சொல்லாமல் காலவரையின்றி உட்கார்ந்திருந்தால் ‘ஒரு முடிவு எடு’ என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம். எவ்வளவு காலம் போனால் அது ‘காலவரையின்றி’ ஆகும்? அதற்கு விடை இல்லை. ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு வழக்கு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான், எங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கும்!

சிண்டிகேட்_வாசல் எழுதியது:

வக்கீல் சார் சொன்னது சரி, ஆனால் மசோதாவே இல்லாவிட்டாலும் பழைய சட்டப்படியே விசி போட்டிருக்கலாமே, அது ஏன் நடக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. தேடுதல் குழு என்று ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேந்தர் தரப்பில் ஒருவர், செனட் (பேரவை) தரப்பில் ஒருவர், சிண்டிகேட் (ஆட்சிக்குழு) தரப்பில் ஒருவர் என்று மூன்று பேர். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையைக் காட்டி, யுஜிசி ஆள் ஒருவரும் வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ஆளுநர் நான்கு பேர் குழு அறிவித்தார். அரசு அந்த நான்காவது ஆளை விட்டுவிட்டு மூன்று பேரோடு தனியாக ஓர் அறிவிப்பு போட்டது. அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டது. ஒரு உறுப்பினருக்காக பாரதியார் 2022 அக்டோபரில் இருந்தும், சென்னை 2023 ஆகஸ்டில் இருந்தும், அண்ணா 2024 ஆகஸ்டில் இருந்தும் தலை இல்லாமல் ஓடுகின்றன.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். விசி இல்லாத இடத்தில் அவர் வேலையைப் பார்ப்பது கன்வீனர் கமிட்டி. அதன் தலைவர் பெரும்பாலும் உயர்கல்வித் துறைச் செயலர். அவருக்குக் கோட்டையில் ஆயிரம் வேலை. எங்கள் கோப்பு சென்னைக்குப் போய் ஒரு கேள்வியோடு திரும்பி வரும், பதில் எழுதி மறுபடி போகும். கெஸ்ட் லெக்சரர் சம்பளக் கோப்பு இப்படித்தான் செமஸ்டர் முடியும்வரை சுற்றியது. ராஜ்பவன் மசோதாவைப் பிடித்து வைத்தது அடாவடி, சந்தேகமே இல்லை. ஆனால் நாற்காலி காலியாக இருக்கும்வரை பல்கலைக்கழகம் துறையின் கைக்குள்தான் இருக்கிறது. கோட்டையில் யாருக்கும் இதனால் தூக்கம் கெட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஊராட்சிக்காரன் எழுதியது:

சிண்டிகேட் அண்ணன் சொன்னதை எங்கள் ஊர்ப்பக்கம் வந்து பாருங்கள். 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. ஐந்து வருடம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 243E பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நடந்ததா? பிடிஓதான் (வட்டார வளர்ச்சி அலுவலர்) இப்போது தனி அலுவலர். எங்கள் ஒன்றியத்தில் முப்பதுக்கு மேல் ஊராட்சி, எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான் தலைவர் மாதிரி. முன்பெல்லாம் தெருவிளக்கு எரியவில்லை என்றால் தலைவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுவோம், அவரும் திட்டிக்கொண்டே ஆள் அனுப்புவார். இப்போது போர் மோட்டார் காயில் போய்விட்டால், செயலர் எஸ்டிமேட் எழுதி ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து கையெழுத்து வரும்வரை டிராக்டர் தண்ணீர்தான், அதுவும் நாங்களே காசு போட்டு.

மசோதாவை ஆளுநர் கிடப்பில் போட்டால் ஜனநாயகப் படுகொலை. தேர்தலை மாநில அரசு கிடப்பில் போட்டால் ‘வார்டு மறுவரையறை’. நன்றாக இருக்கிறது. 2016-இல் நின்றுபோன ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் நீண்ட கோர்ட் சண்டைக்குப் பிறகு, சில மாவட்டங்களுக்கு 2021 வரை இழுத்தது. அப்போது வேறு கட்சி ஆட்சி. ஆக யார் வந்தாலும் கீழே இருக்கிறவன் கையில் அதிகாரம் போகக் கூடாது.

தென்பெண்ணை எழுதியது:

தோழர், கோபம் நியாயம், ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மாநில அரசு தப்பு செய்தால் அடுத்த தேர்தலில் ஓட்டுப் போட்டு இறக்கலாம். ஆளுநரை யார் இறக்குவது? ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்குக் கவர்னர் எதற்கு என்று அண்ணா சும்மா கேட்கவில்லை. வேந்தர் பதவி ஆளுநருக்கு வேண்டாம் என்று 2010-இலேயே பூஞ்சி ஆணையம், அதாவது மத்திய அரசே போட்ட ஆணையம், சொல்லிவிட்டது. நீட் விலக்கு மசோதா 2021-இல் ஒரு தடவை, 2022-இல் ஒரு தடவை நிறைவேறியது. கடைசியில் குடியரசுத் தலைவர் மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் சொன்னார்கள். எட்டு கோடி பேரின் சட்டமன்றத்துக்கு இதுதான் மரியாதை.

ஊராட்சிக்காரன் எழுதியது:

இறக்கலாம் சரி. ஊராட்சியில் யாரை இறக்குவது? அங்கேதான் தேர்தலே இல்லையே.

கோர்ட்_வராண்டா எழுதியது:

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி கேட்ட பெண்ணுக்கு ஒரு வழி சொல்வோம். மேற்கு வங்கத்திலும் இதே இழுபறி நடந்தது, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே முன்னாள் தலைமை நீதிபதி லலித் தலைமையில் தேடுதல் குழு போட்டுக் கொடுத்தது. இங்கேயும் அப்படி ஏதாவது வரும்வரை காத்திருந்தால் உங்கள் சீட் போய்விடும்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுங்கள். படிப்பை முடித்துவிட்டார், பட்டமளிப்பு விழா நிலுவையில் இருப்பதால்தான் பட்டம் வழங்கவில்லை என்று அலுவலக முத்திரையோடு கடிதம் கேளுங்கள். உங்களுக்கு இடம் கொடுத்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் ஆபீஸ் அதை ஏற்குமா என்று முன்னாடியே மெயிலில் கேட்டுவிடுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: பட்டத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் ஏதும் போட்டிருக்கிறதா, போட்டிருந்தால் நகல். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். மழுப்பினாலும் அந்த மழுப்பல் காகிதமாக உங்கள் கையில் இருக்கும், பின்னால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டி வந்தால் உதவும்.

முதுகலை_மாணவி எழுதியது:

ரொம்ப நன்றி சார். திங்கட்கிழமை கடிதத்தோடு போகிறேன். ஒரே ஒரு சந்தேகம், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் வேண்டுமே, எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்தப் பதவியிலும் இப்போது ‘பொறுப்பு’தான் இருக்கிறார். அவர் போட்டால் செல்லுமா?