23-ஆம் சங்கீதம்: என் தாயாருக்காக ஓர் உதவி

அன்பான சகோதர சகோதரிகளுக்கு, கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் சிகிச்சை பெற்றுவரும் என் தாயாருக்குப் பார்வையும் மங்கிவிட்டதால், வேதாகமத்தைத் தாமாக வாசிக்க இயலவில்லை. சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த 23-ஆம் சங்கீதத்தையே சிகிச்சை நேரம் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லும்படி கேட்கிறார்கள்.

தாவீதின் சங்கீதம் என்ற தலைப்புடைய இதில் ஆறே வசனங்கள்தான். முதல் மூன்று வசனங்களில் கர்த்தரைக் குறித்துப் பேசுகிறவர், மரண இருளின் பள்ளத்தாக்கைச் சொல்லும் நான்காம் வசனத்தில், “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்று அவரிடமே பேசத் தொடங்கிவிடுகிறார். அம்மா அழுவதும், பிறகு அமைதியடைவதும் அந்த இடத்தில்தான்.

இச்சங்கீதத்தைப் பின்னணி இசையின்றி நிதானமாக வாசித்த ஒலிப்பதிவு எவரிடமாவது இருந்தால் அனுப்பி உதவுங்கள். 46, 121 ஆகிய சங்கீதங்களில் எதை அடுத்து வாசித்துக் காட்டலாம் என்பதையும், நீண்டகால நோயாளிகளைப் பராமரித்தவர்களும் போதகர்களும் தயவுசெய்து எழுதுங்கள். உடனடிச் சுகத்தை உறுதியளிக்கும் செய்திகளைவிட, வேதனையின் நடுவே தேவன் உடனிருப்பதைச் சொல்லும் பகுதிகளே இப்போது அம்மாவுக்குத் தேவைப்படுகின்றன.