அந்தமான்ல ஜிடி பிடிக்கப் போறேன், பிரேக் எவ்வளவு வைக்கணும்?

மண்டிக்காரன், காவேரிப்பட்டணம்
வணக்கம் அண்ணன்மாரே. கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்ல கட்லா, ரோகு பிடிச்சுப் பழக்கம். மாங்காய் வரத்து ஆரம்பிச்சா மண்டியை விட்டு நகர முடியாது. அதனால பிப்ரவரியிலயே அந்தமான் போய் ஜிடி (ஜயன்ட் ட்ரெவலிங்கற பெரிய கடல் மீன்) பிடிச்சுப் பாத்துடணும்னு ஆசை. டேம் ராடையே கொண்டுபோகலாமா? மீன் இழுக்கறப்ப ரீல்ல லைன் ஓடறதைக் கட்டுப்படுத்தற பிரேக்கை எவ்வளவு இறுக்கணும்? பிடிச்ச மீனைச் சமைக்க விடுவாங்களா? வீட்ல அதைத்தான் முதல்ல கேக்கறாங்க.

பாலக்கோட்டான்
தம்பி, டேம் ராடு வேணாம். கட்லா நடுத்தண்ணிக்கு ஓடும், லைனை விட்டுவிட்டு அதை அலுக்க வைக்கலாம். ஜிடிகிட்ட அது நடக்காது. பாப்பரை, அதான் தண்ணி மேல இழுக்கற போலி இரையை, கடிச்ச கையோட பவளப்பாறைக்குள்ள பாயும். பாறை விளிம்புல பிரெய்டு (பின்னல் லைன்) உரசினா அவ்வளவுதான். முதல் பத்து செகண்டுலயே மீன் யாருக்குன்னு தெரிஞ்சுடும். 2006ல ஜப்பான்ல உலக சாதனையாப் பதிவான ஜிடி 72.8 கிலோ. அதுல பாதி எடை வந்தாலே ஆளைப் படகு ஓரத்துக்கு இழுத்துடும்.

அந்தமான்ல சார்ட்டர் படகுல (மீன்பிடிக்க வாடகைக்கு விடற படகு) வேலை பாத்தவன் நான். மீன் தப்பிக்கிறது பெரும்பாலும் முடிச்சுல, இல்லன்னா பிரேக்குல. பிரெய்டையும் லீடரையும் (இரைப் பக்கம் கட்டற தடிச்ச லைன்) எஃப்ஜி முடிச்சுல சேரு. அது ராடு வளையத்துல சிக்காம வழுக்கிப் போகும். எச்சில் வெச்சு நல்லா இறுக்கு. சுத்துக்கு நடுவுல இடைவெளி தெரிஞ்சா வெட்டிட்டுத் திரும்பப் போடு.

பிரேக்குக்கு மண்டியில தொங்கற ஸ்பிரிங் தராசே போதும். அதைத் தூண்ல கட்டி, லைனை ராடு வளையங்கள்ல கோத்து கொக்கியில மாட்டு. ராடு வளையற மாதிரி இழு. ரீல் கிர்ருன்னு விட ஆரம்பிக்கிறப்ப முள் எங்க நிக்குதுன்னு பாரு. 80 பவுண்டு பிரெய்டுன்னா சுமார் 36 கிலோ தாங்கும். பிரேக் அதுல மூணுல ஒரு பங்கு, 12 கிலோவைத் தாண்டக் கூடாது. முதல்ல 7, 8 கிலோவுல வெச்சு, ராடு அடியைத் தாங்கற இடுப்பு பெல்ட் கட்டி நின்னு பழகு. 12 கிலோ இடுப்பையும் முட்டியையும் பிடிச்சு இழுக்கும், லேசா நினைக்காத.

பென்னாகரத்துக்காரன்
சாப்பாட்டுக்கு ஜிடியைக் கேக்காதீங்க தம்பி. பவளப்பாறையில வாழற பெரிய மீன்கள்ல சிகுவாட்டெரா விஷம் சேர வாய்ப்பு இருக்கு, வேகவெச்சாலும் போகாது. பாப்பர்ல இருக்கற மூணு கொக்கி முள்ளைக் கழட்டிட்டு ஒத்தை முள் போடுங்க, அதோட கொடுக்கையும் (முனைகிட்ட இருக்கற எதிர்முள்) நசுக்கிடுங்க. செவுள்ல கை விடாம, ஒரு போட்டோ எடுத்துட்டு, தலை முன்னால போற மாதிரி தண்ணியில விடுங்க.

எனக்கு இதுல ஆதங்கம் உண்டு. நம்ம காவிரியோட திமில் மாசீர் மீனை 2018ல அழியும் விளிம்புல இருக்கற இனம்னு அறிவிச்சாங்க. 1946ல கபினியில 120 பவுண்டு மாசீர் பிடிச்சிருக்காங்க. அந்த அளவு இனி யார் கண்ணுல படும்? பயிற்சி எடுக்கறேன்னு ஒகேனக்கல் பக்கம் ராடு தூக்கிட்டு மட்டும் போயிடாதீங்க. காவிரி வடக்கு சரணாலயம் இருக்கற பக்கம் அது.

மண்டிக்காரன், காவேரிப்பட்டணம்
ரொம்ப நன்றிங்கண்ணா. தராசுல போட்டுப் பாத்தேன், 8 கிலோவுக்கே கால் சறுக்குது. மீன் பாறைப் பக்கம் பாஞ்சா பிரேக்கை இன்னும் இறுக்கவா?

பாலக்கோட்டான்
பிரேக்ல கை வைக்காத. லைன் ஓட ஓட ஸ்பூல் சின்னதாகும், இழுவை தானா ஏறும். ராடை ரொம்பத் தூக்காம இறுக்கிப் பிடி. கேப்டன் படகை ஆழத்துப் பக்கம் எடுத்து மீனைப் பாறையை விட்டு இழுப்பார். அவர் சொல்ற பக்கம் திரும்பி நில்லு. நல்ல பிடி இருக்கற செருப்பு வாங்கிக்கோ.