ஒர்க்குரூப்ல இருக்க 9 சிஸ்டத்துக்கும் ஒரே ஷேர்லேர்ந்து சாஃப்ட்வேர் போட முடியலையே?

கடைமடைக்காரன்:
வணக்கம் சார், கொரடாச்சேரி பக்கம் ஒரு ரைஸ் மில்லு ஆபீஸ்ல சிஸ்டம் பாக்குறேன். மொத்தம் 9 சிஸ்டம், சர்வர்லாம் கிடையாது, வெறும் ஒர்க்குரூப்தான், அதாவது சர்வர் இல்லாம சிஸ்டங்கள சும்மா நெட்வொர்க்ல சேத்து வச்சது. பில்லிங் சாஃப்ட்வேருக்கு அப்டேட் வந்தா பென்டிரைவ எடுத்துக்கிட்டு ஆபீஸு, குடோனு, எடைமேடைன்னு அலையுறேன், எடைமேடை கீபோர்டுல தவுட்ட தட்டிட்டுதான் டைப்பே அடிக்கணும். சரின்னு ஆபீஸ் சிஸ்டத்துல செட்டப் ஃபோல்டர ஷேர் பண்ணி மத்ததுல இசட் டிரைவா மேப் பண்ணேன் (அந்தந்த சிஸ்டத்தோட சொந்த டிரைவு மாதிரி தெரியும்), ஃபோல்டர் நல்லா தெரியுது, ஆனா அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல போய் ரன் பண்ணா பாத்தே (path, ஃபைல் இருக்க இடம்) இல்லைங்குது. தஞ்சாவூர்லேர்ந்து ஆளக் கூப்டா நீடாமங்கலம் ரயில்வே கேட்ல நின்னு வர்றதுக்குள்ள பாதி நாள் போயிடும். சம்பா அறுப்புக்குள்ள முடிக்கணும், யாராச்சும் சொல்லுங்க.

பைட்டு பாண்டி:
டொமைன் போட்டுருங்க ப்ரோ, ஒரு சர்வர்லேர்ந்தே எல்லா சிஸ்டத்தையும் பாத்துக்கலாம். அதோட குரூப் பாலிசி செட்டிங்ல எம்எஸ்ஐ இன்ஸ்டால் ஃைபல வச்சா அதுவா ஏறிக்கும்.

அரசலாறு:
9 சிஸ்டத்துக்கு டொமைனா! விண்டோஸ் சர்வர் லைசென்ஸு, அத பாத்துக்க ஒரு ஆளு, எலிக்கு பயந்து வீட்ட கொளுத்துன கதைதான். தம்பி, மேப் பண்ண டிரைவு உங்க சாதா லாகினுக்குத்தான் தெரியும், அட்மினா ஓப்பன் பண்ணா அது தனி செஷன், அதுக்கு இசட்டும் தெரியாது ஒண்ணும் தெரியாது. அதனால டிரைவ் லெட்டர விட்டுட்டு \\192.168.1.10\செட்டப் மாதிரி முழு பாத்தா குடுங்க, ஆபீஸ் சிஸ்டத்துக்கு ஐபிய (அந்த 192-ல ஆரம்பிக்கிற நெட்வொர்க் நம்பர) ஃபிக்ஸ் பண்ணிருங்க, இல்லன்னா கரண்டு போயிட்டு வந்தா மாறிக்கிட்டே நிக்கும். அப்புறம் ஷேர்ல எவரிஒன்னுக்கு, அதாவது எல்லாருக்கும், ஃபுல் கண்ட்ரோல் குடுத்துருக்கீங்களா? ரீட் மட்டும் வைங்க. ஒரு சிஸ்டத்துல வைரஸ் இருந்து அது செட்டப் ஃபைல்ல ஒட்டுச்சுன்னா நீங்களே 9 இடத்துக்கும் பரிமாறுன மாதிரி ஆயிடும்.

கடைமடைக்காரன்:
அண்ணே நீங்க சொன்ன மாதிரி முழு பாத் குடுத்ததும் ஏறிடுச்சு! எடைமேடை மட்டும் புது சிஸ்டம், விண்டோஸ் 11, அதுல ஷேர தொறந்தா ஆர்கனைசேஷன் செக்யூரிட்டி பாலிசி கெஸ்ட்ட பிளாக் பண்ணுதுன்னு வருது. எங்க மில்லுல பாலிசின்னா எல்ஐசி பாலிசிதாண்ணே.

அரசலாறு:
ஹாஹா. பாஸ்வேர்ட் இல்லாம ஷேர் பண்ணிருப்பீங்க. விண்டோஸ் 11 ப்ரோவோட 24எச்2 வெர்ஷன்ல கெஸ்ட்டா, அதாவது பாஸ்வேர்ட் இல்லாம, உள்ள போறத டீஃபால்ட்டாவே அடைச்சிட்டாங்க. யூட்யூப்ல அதத் தொறக்க சொல்லித் தருவாங்க, தொறக்காதீங்க. ஆபீஸ் சிஸ்டத்துல தனியா ஒரு யூசர், பாஸ்வேர்டோட, அட்மின் ஆக்காம சாதா யூசரா போட்டு, ஷேர்ல எவரிஒன்ன எடுத்துட்டு அவருக்கு மட்டும் ரீட் குடுங்க. எடைமேடைல கேக்கும்போது அத அடிங்க. சாதா விண்டோஸ் ஒரே நேரத்துல 20 சிஸ்டம் வரைக்கும் தாங்கும், அதனால உங்களுக்கு கவல இல்ல. லைசென்ஸ் மட்டும் 9க்கும் இருக்கான்னு பாத்துக்குங்க, ஷேர்லேர்ந்து போட்டாலும் அது தனிக்கணக்கு.

கடைமடைக்காரன்:
எடைமேடையும் முடிஞ்சுதுண்ணே, ரொம்ப நன்றி. பாஸ்வேர்ட ரகசியமா வைக்க சொன்னேன், சாயங்காலம் போய் பாத்தா லாரி டிரைவருங்க நம்பர் எழுதிருக்க செவுத்துலயே அதையும் ஸ்கெட்ச்ல எழுதி வச்சிருக்காங்க.